எல்லைக் கோட்டருகே ஒரு குவியல்

வல்லம் வடகாலில் பிரேக் பின் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவில் இருந்தேன். ஒவ்வொரு ஷிப்டிலும் மைக்ரோமீட்டர் என்ற திருகு அளவியால் பின்களின் விட்டத்தை அளந்து கணினியில் ஏற்றுவார்கள். எந்த அளவில் எத்தனை பின் என்று அதைப் பட்டைப் படமாக, அதாவது ஹிஸ்டோகிராமாக, எடுத்துக் கொடுப்பது என் வேலை. எனக்கு அந்தப் படங்கள் மீது பைத்தியம் என்றே சொல்லலாம்.

ஒருநாள் பகல் ஷிப்டில் அளக்கும் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. பிள்ளைப்பாக்கத்துப் பெண், காண்ட்ராக்ட், வாய் கொஞ்சம் நீளம். மற்ற ஷிப்டுகளைவிட அவள் கழித்துத் தள்ளும் பின்கள் ரொம்ப அதிகம். அவளுக்கு அளக்கவே தெரியவில்லை என்றார் மேனேஜர்.

"மைக்ரோமீட்டர்ல இன்னா காட்டுதோ அத்தானேக்கா அடிக்க முடியும்? பின்னை நானா செஞ்சிகினு கீறேன்?" என்று என்னிடம் வந்து கத்தினாள்.

அலுவலக மென்பொருள் பல அளவுகளை ஒன்றாகச் சேர்த்துத் தடிதடியாகப் பட்டை வரையும். அதில் எதுவும் பிடிபடவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். மைக்ரோமீட்டர் காட்டக்கூடிய மிகச் சிறிய வித்தியாசத்துக்கும் ஒரு பட்டை, ஷிப்டுக்கு ஒரு படம்.

படம் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அவள் படத்தில் பட்டைகள் மெல்லச் சரிந்து, பின்னுக்கு அனுமதித்த அளவின் எல்லையைத் தாண்டியும் இறங்கிப் போயின. மற்ற ஷிப்டுகளில் எல்லைக்கு உள்ளே ஒட்டினாற்போல் பெரிய குவியல், தாண்டினால் வெறுமை! ஒரே மெஷின், ஒரே கம்பி. மெஷினுக்கு எல்லைக் கோடு தெரியுமா? கைக்குத்தான் தெரியும். அளவு சற்றே மீறிய பின்னை அந்த ஷிப்டுகளில் அளப்பவர்கள் துடைத்து, மைக்ரோமீட்டர் திருகைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி, உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார்கள். லைன் நிற்கக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

சந்தோஷம் தாங்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன். மூச்சிரைக்க விளக்கினேன். அவர் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நாளைக்கு வழக்கம்போல ஷிப்டுக்கு வாம்மா," என்றார் அவளிடம்.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அவள் திரையில் இருந்த குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இந்தப் பின்னெல்லாம் வண்டிங்க பிரேக்குக்குள்ள போயிட்ச்சா சார்?"

மேனேஜர் போனை எடுத்து, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவை அழைத்தார். "இன்னிக்கு லோடு கிளம்பிடுச்சா?" என்று கேட்டார்.