மாப்பிள்ளை கை வைத்த கம்ப்யூட்டர்

என் அக்கா கணவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை. அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன், வந்தால் காபி கொடுக்கிறேன், கொடுக்கும்போதே மனசுக்குள் திட்டுகிறேன்.

எங்களுக்குக் கரோல் பாகில் மூன்றாம் மாடி வீடு. அப்பா மத்திய அரசு வேலைக்காக டெல்லிக்கு வந்து இங்கேயே ரிட்டயர் ஆனவர். வீட்டுக்குள் பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலிதான். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷின் வாங்கினாலும் அதை மாப்பிள்ளை வந்துதான் பிரிக்க வேண்டும், மாப்பிள்ளைதான் சுவிட்சைப் போட வேண்டும். வாஷிங் மெஷின் வந்தபோது அது ஞாயிற்றுக்கிழமை வரை அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. அழுக்குத் துணி பாத்ரூமில் குவிந்து கிடந்தது. அத்தான் குர்காவ்னில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். அதனால் மிக்ஸி, கீசர், இன்வர்ட்டர் எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதே தீர்ப்பு.

நான் இந்தியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். ஒரு பெரிய நாவலை இரண்டு வருஷமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சென்னைப் பதிப்பாளர் ஒருவர் என்னை நம்பிக் கொடுத்த முதல் புத்தகம் அது. எல்லாம் என் டெஸ்க்டாப்பில் இருந்தது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக நானே லினக்ஸ் போட்டிருந்தேன், யாரிடமும் கேட்காமல், காசு கொடுக்காமல். திரையில் எனக்குப் பிழை கண்ணில் படாது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் மார்க்கெட்டில் பிரிண்ட் எடுத்து வந்து சிவப்புப் பேனாவால் திருத்துவேன். இந்த அலைச்சலைப் பார்த்துவிட்டு அப்பா ஒருநாள் பிரிண்டரும் ஸ்கேனரும் ஒன்றாக இருக்கும் மெஷினை வாங்கி வந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன்.

"ஏட்டி, தொடாத. மாப்ள ஞாயித்துக்கிழம வாராவ. அவுக கையால மாட்டட்டும்."

"எனக்கே தெரியும்ப்பா."

"தெரிஞ்சா என்ன? ஒரு மரியாத வேண்டாமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை முனிர்காவில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தால் என் மேஜைமேல் புது பிரிண்டர், என் திரையில் விண்டோஸ். அத்தான் என் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குச் சூடாக வடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அச்சா, வந்துட்டியா? உன் லினக்ஸ்ல இது ஜென்மத்துக்கும் ஓடாது. அதான் எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுட்டேன். ஜல்தியா முடிஞ்சுது."

"என் ஃபைலெல்லாம்?"

"பேக்கப் வெச்சிருப்பே இல்ல?"

வைத்திருந்தேன். மேஜைமேல் ஒரு பென் டிரைவில். விண்டோஸ் ஏற்றுவதற்கு ஒரு பென் டிரைவ் தேவைப்பட்டதாம். கைக்கு எட்டிய இடத்தில் இருந்ததை எடுத்து, அதையும் துடைத்துவிட்டுத்தான் காரியத்தை முடித்திருந்தார். பிறகு தெரிந்தவர்களை வைத்துத் தோண்டிப் பார்த்தோம். ஒரு அத்தியாயம்கூட முழுசாகத் தேறவில்லை.

மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசினால் அக்காவுக்குத்தான் ஆபத்து என்று எங்களை அப்படி வளர்த்துவிட்டார்கள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பதிப்பாளரிடம் சொன்னபோது அவர் வருத்தப்பட்டார், ஆனால் புத்தகக் கண்காட்சிக்குள் வராவிட்டால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவேன் என்றார்.

மிச்சமிருந்தது கட்டிலுக்கடியில் கிடந்த காகிதங்கள், சிவப்பு மை அடித்த பிரதிகள். அவற்றை ஸ்கேன் செய்தால், படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் இலவச மென்பொருள் இருக்கிறது. அத்தான் போட்ட விண்டோஸிலேயே அதைச் செய்திருக்கலாம்தான். செய்யமாட்டேன் என்று இருந்தேன். அவர் எந்த மெஷின் ஓடாது என்று சொல்லி என் உழைப்பை அழித்தாரோ, அதே மெஷின் அதே லினக்ஸில் ஓட வேண்டும். இது வீம்புதான். வீம்பு இல்லாவிட்டால் நான் அந்த வாரமே படுத்திருப்பேன்.

விண்டோஸை அழித்தபோது எனக்குக் கிடைத்த சுகத்தைச் சொல்லி மாளாது. லினக்ஸ் ஏறியதும் கேபிளைச் செருகினேன். பிரிண்டரை அது தானாகவே கண்டுகொண்டது. முதல் பக்கத்தில் "ஜென்மத்துக்கும் ஓடாது" என்று பெரிய எழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டினேன். அம்மா அது ஏதோ நாவல் வசனம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்கேனர்தான் உயிரை வாங்கியது. ஸ்கேனர் எதுவும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது, இல்லையாம்! இணையத்தில் ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிவைத்ததையெல்லாம் படித்தேன். ஒருவர் சொன்னபடி அட்மின் அதிகாரத்தோடு கட்டளையைக் கொடுத்தால் ஸ்கேனர் தெரிந்தது. சாதாரணமாக நான் கேட்டால் மறுபடி இல்லை. ஸ்கேனரைத் தொட அனுமதி உள்ளவர்களின் குழுவில் என் பெயர் இல்லை, அவ்வளவுதான் விஷயம். என் கம்ப்யூட்டர், என் அப்பா வாங்கிய மெஷின், எனக்கு அனுமதி இல்லை! ஒரே வரியில் என்னைச் சேர்த்துக்கொண்டேன். அப்போதும் வரவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஒருமுறை வெளியேறி (லாக் அவுட்) மறுபடி உள்ளே வந்தால்தான் அது கணக்காகும் என்று தெரியாமல் அந்தப் பகல் முழுவதும் அத்தானின் வம்சத்தையே வைதுகொண்டிருந்தேன். பிறகு வெளியேறி வந்தேன். கண்ணாடிக்கு அடியில் விளக்கு நகர்ந்து போனபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கமாக வைத்து எடுத்தேன். மென்பொருள் தமிழை ஓரளவு படித்தது. சிவப்புக் கோடு குறுக்கே போன இடத்திலெல்லாம் உளறியது. அந்த வரிகளை நானே டைப் அடித்தேன். அடிக்கும்போதெல்லாம் அத்தானை எப்படி அவமானப்படுத்துவது என்று ஒத்திகை பார்த்தேன். அவருடைய அப்பா அம்மாவை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். நாவல் நேரத்துக்குச் சென்னை போய்ச் சேர்ந்தது.

பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்தார்கள். அத்தானின் அப்பா தன் பாஸ்போர்ட்டை உடனே யாருக்கோ அனுப்ப வேண்டும் என்றார். நான் வாங்கி ஸ்கேன் செய்து கொடுத்தேன்.

"பாத்தீங்களா, அன்னைக்கு நான் செட் பண்ணது. இன்னும் எப்படி ஓடுது!" என்றார் அத்தான்.

"மாப்ள கை ராசியான கையில்லா!" என்றார் அப்பா.

இதற்குமேல் ஒத்திகை தேவைப்படவில்லை. அத்தானின் அப்பாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நாவல், ஃபார்மேட், பென் டிரைவ், பதிப்பாளர். குரல் உயராமல், ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் மகனைப் பார்த்து, "நெஜமாடா?" என்றார். அக்கா தரையைப் பார்த்தாள். அத்தான் முகம் செத்துவிட்டது. எனக்கு இனித்தது.

"நாந்தான் அழிக்கச் சொன்னேன்," என்றார் அப்பா.

பொய். அன்று மத்தியானம் அப்பா உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்று அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"மாப்ள மேல தப்பு இல்ல. எனக்குத்தான் வெவரம் பத்தல," என்று அப்பா எழுந்து நின்று சொன்னார். யாரிடமும் தன்னைத் தாழ்த்திப் பேசி நான் பார்த்திராத மனிதர். சம்பந்தி அவரை விடவில்லை. "நீங்க பெரிய உத்தியோகம் பாத்தவர். பெத்த பொண்ணோட உழைப்பை அழிக்கச் சொல்லலாமா?" என்று எல்லோர் முன்னாலும் கண்டித்தார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அத்தான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிண்ணத்தை எடுத்துப் பாயசம் குடித்தார். என் ஃபைல்களுக்காக என்றைக்காவது ஒருநாள் அவரை மன்னித்துத் தொலைத்திருப்பேன். இதற்கு மாட்டேன்.