அம்முலு தொடாத உலக்கை

வேனில் ஏறியதுமே அம்முலு தயங்கி நின்றாள். காலியாக இருந்த ஒரே சீட் ராணியம்மாளுக்குப் பக்கத்தில்.

தாமல் ஏரிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஊர். ஊருக்கு ஒரு மகளிர் குழு, காலனிக்கு ஒரு மகளிர் குழு. இரண்டையும் சேர்த்து ஒருநாள் சுற்றுலா ஏற்பாடு செய்தவள் காலனிக் குழுத் தலைவி ஷீபா. உத்திரமேரூருக்கு வெளியே, பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தி, ஒரு கிராமம் போல வைத்திருந்தார்கள். கூடவே சின்னதாக இரண்டு மியூசியம். அதைப் பார்க்கத்தான் கிளம்பினார்கள்.

கல்யாணமாகிக் காலனிக்கு வந்த நாளிலிருந்து அம்முலு நாற்று நட்டதும் கதிர் அறுத்ததும் ராணியம்மாள் நிலத்தில்தான். அந்த வீட்டின் பின்பக்கம், மாட்டுக் கொட்டகை வரைக்கும் போவாள். அதற்கு மேல் போனதில்லை. போகாதே என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ராணியம்மாள் கெட்டவள் கிடையாது. அம்முலுவின் மகளுக்குப் பிரசவ வலி கண்டபோது, கேட்பதற்கு முன்பே தன் காரை அனுப்பி வைத்தவள்.

"உக்காருடி. காஞ்சிபுரம் தாண்டியும் நின்னுகினே வருவியா?" என்றாள் ராணியம்மாள்.

அம்முலு சீட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். வழியெல்லாம் முன்சீட்டுக் கம்பியை விடவே இல்லை.

போய் இறங்கியதும் முதலில் காட்டியது ஒரு பெரிய ஓட்டு வீடு. மிராசுதார் ஒருவர் குடும்பம் வாழ்ந்த வீடாம். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரையும் உள்ளே வரச் சொன்னாள் சுற்றிக்காட்டும் பெண். மற்றவர்கள் பேசிக்கொண்டே நுழைந்துவிட்டார்கள். அம்முலுவின் கால் மட்டும் வாசற்படியில் நின்றுவிட்டது. உள்ளிருந்து ராணியம்மாள் திரும்பிப் பார்த்தாள். அம்முலு மூச்சைப் பிடித்துக்கொண்டு படியைத் தாண்டினாள்.

நடு முற்றத்தில் கல்லுரலும் உலக்கையும் இருந்தன. சென்னையிலிருந்து வந்த கூட்டம் ஒன்றும் அங்கே நின்றிருந்தது.

"யாராவது நெல்லு குத்திக் காட்டுறீங்களா? வீடியோ எடுத்துக்கலாம்" என்றாள் சுற்றிக்காட்டும் பெண்.

"எங்க அம்முலு கீறாளே!" ராணியம்மாள் உற்சாகமாகக் கை காட்டினாள். "வாடி, குத்திக் காட்டு."

போன்கள் எல்லாம் அம்முலு பக்கம் திரும்பின. அவள் நகரவில்லை.

"வாணாம்மா."

"இன்னாடி வெக்கம்? ரெண்டு குத்து குத்துனா கை தேஞ்சா பூடும்?"

"நானும் சுத்திப் பாக்கத்தாம்மா வந்தேன். வேலை செய்ய வர்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஷீபா பதறிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"குத்திட்டுதான் போயேங்கா. நாளைக்கு நம்ம பொம்பளைங்க எல்லாம் அவங்க கயனிக்குதான் களை எடுக்கப் போறோம். பேஜாராயிடப் போவுது."

அம்முலுவின் கை தானாக உலக்கை பக்கம் போகப் பார்த்தது. முந்தானையை இறுகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றும் புரியாத சுற்றிக்காட்டும் பெண் சிரித்தாள். "அப்ப நீங்களே குத்துங்களேன்மா" என்றாள் ராணியம்மாளிடம்.

மாட்டேன் என்று சொல்ல ராணியம்மாளுக்கு வழியில்லை. உலக்கையைத் தூக்கினாள். முதல் குத்து உரலின் விளிம்பில் பட்டு நெல் சிதறியது. இரண்டாவது உள்ளே விழுந்தது. சென்னைக்காரர்கள் கை தட்டினார்கள். அவள் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல் வெளியே போனாள். ஊர்க் குழுப் பெண்கள் பின்னாலேயே போனார்கள். ஷீபாவும் ஓடினாள்.

அம்முலு மட்டும் உள்ளே தங்கிவிட்டாள். பிறகு மெதுவாக ஒவ்வொரு அறையாகப் போனாள். சாமி அறை, நெற்குதிர், சமையற்கட்டு. கூடத்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் தெரிந்தார்கள். அவர்களுக்கு இவள் தெரியவில்லை. பெரிய வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் நாமெல்லாம் இப்படியா தெரிவோம் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

மத்தியானம் புளிச்சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். மியூசியத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. திரும்பும்போது ராணியம்மாள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் விடிந்ததும், வேலைக்கு ஆள் கூப்பிடும் ஏகாம்பரம் காலனிக்கு வந்தார். எல்லாரையும் கூப்பிட்டார். அம்முலு வீட்டு வாசலில் மட்டும் தயங்கினார்.

"உன்ன வாணாம்னுட்டாங்கம்மா. நான் இன்னா பண்றது?"

அவள் ஐயங்கார்குளம் பக்கம் செங்கல் சூளைக்குப் போகத் தொடங்கினாள். வெயிலும் சூடும் உடம்பை உருக்கின. அன்றைக்கே குத்தியிருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். அடுத்த நிமிஷமே அந்தப் போன்கள் நினைவுக்கு வரும். இல்லை என்று தலையை ஆட்டிக்கொள்வாள்.

அறுப்பு நெருங்கிய சமயம் அவளுக்குப் போன் வந்தது. ராணியம்மாளே பேசினாள்.

"அம்முலு, கதிர் சாஞ்சிகினு கீது. ஆளு பத்தல. நாளைக்கு வர்றியா?"

அம்முலு போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாளைக்குச் சூளைக்கு ஒத்துக்கினேன்மா. நாளான்னிக்கு வர்றேன்."

"சரி, நாளான்னிக்கே வா" என்றாள் ராணியம்மாள்.