செவுள்

மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டுவார் அந்த மீன்கார அம்மா. உள்ளே சிவப்பாக இருந்தால் மீன் நல்ல மீன். ஞாயிறுதோறும் அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அன்னக்கூடையை இறக்கியதும் அவர் செய்கிற முதல் வேலை அதுதான். நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. வாய் சும்மா இருக்குமா? ஒருநாள், உயிர் முதலில் தோன்றியது கடலில்தான், நாமெல்லாம் மீன் வழியில் வந்தவர்கள் என்று ஆரம்பித்தேன்.

“இன்னா டீச்சர், அப்போ நான் என் சொந்தக்காரங்களையா வித்துக்கினு கீறேன்?” என்று சிரித்தவர், கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். “ஆண்டவரு மண்ணுல செஞ்சு மூச்சு ஊதுனாரு. அவ்ளோதான்.” அந்த வழக்கு பல ஞாயிறுகள் ஓடியது. மீன் கரைக்கு வந்தால் செத்துத்தானே போகிறது, பிறகெப்படி மனுஷன் ஆகும் என்று, செதில் சுரண்டிக்கொண்டே மடக்குவார். படித்த திமிர் எனக்கு. தோற்கப் பொறுக்காமல் ஒருநாள் சொன்னேன்: “உங்க பிள்ளை வயித்துல இருந்தப்போ அவன் கழுத்துலயும் செவுள் இருந்துச்சும்மா.” உண்மையில் அது செவுளே அல்ல. கருவின் கழுத்தில் தோன்றும் மடிப்புகள். பிறகு தாடையாகவும் காதாகவும் மாறிவிடும். எந்த மாணவியாவது அதைச் செவுள் என்று எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். அவரோ கத்தியை வைத்துவிட்டுத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஜெயித்த சந்தோஷத்தில் அன்று கூடுதலாகவே மீன் வாங்கினேன்.

சில மாதங்கள் கழித்து அவர் மகன் போன படகு கவிழ்ந்தது. உடன் போன இருவர் நீந்திக் கரையேறினார்கள்; அவன் வரவில்லை. நான்காம் நாள் காலை, கூடையில்லாமல் வந்து நின்றார்.

“டீச்சர், வயித்துல இருக்கசொல்ல செவுள் இருந்துச்சுன்னியே. கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்கும்ல? தண்ணிக்குள்ளயே மூச்சு வுட்டுக்கினு இருப்பான்ல?”

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தவித்தேன். முடியவில்லை. “இல்லம்மா. அது செவுளே இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“அப்போ எதுக்குச் சொன்னே?” என்றார். வாதத்தில் ஜெயிக்க என்று எப்படிச் சொல்வது? அவன் உடல்கூடக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இப்போதும் ஞாயிறுகளில் வருகிறார். மண்ணா, மீனா என்ற பேச்சே கிடையாது. கூடையை இறக்குகிறார், வெட்டித் தருகிறார், போகிறார். செவுளை மட்டும் தூக்கிக் காட்டுவதில்லை. நானும் கேட்பதில்லை. சில வாரம் கெட்டுப்போன மீனாக இருக்கிறது, பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.