ஞாயிறு காலை பத்தரை மணி என்று நான் எழுதியது

போன வருடம் ஆகஸ்ட் மாதம் மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரிடம் போனேன். பிபி, சர்க்கரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, டென்ஷனைக் குறையுங்கள் என்றார். டென்ஷன் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

சபையில் சொன்னேன். அதாவது பாதியைச் சொன்னேன். "வேலையில் ஒரு பாரம் இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றேன். என்ன பாரம் என்று யாரும் கேட்கவில்லை. எதற்கு என்று தெரியாமலே மூன்று வாரம் எனக்காக ஜெபித்தார்கள். அவர்களுக்கு மீதிப் பாதியைச் சொல்ல வேண்டும். கர்த்தருடைய நாமத்தில் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெயசீலன். வயது ஐம்பத்துமூன்று. இரும்புலியூரில் வீடு. அங்கேயே ஒரு சிறிய சபைக்குச் செயலாளர். வருவாய்த் துறையில் இருபத்தாறு வருடமாக உதவியாளர் வேலை. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டேன் என்று சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட்டவன் நான். "சண்டே அவரைக் கூப்பிடாதீங்கப்பா, அவர் சர்ச்" என்று ஆபீசில் சொல்லுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு.

போன ஜூலையில் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு ஏரிக்கரையில் இருந்த வீடுகளைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். அந்த வீடுகளை அகற்றப் போகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு கொடுப்பார்கள். யார் குடியிருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். பூட்டியிருக்கும் வீட்டுக்கு வேறு வேறு நாளில் மூன்று முறை போக வேண்டும், அதில் ஒரு நாள் விடுமுறை நாளாக இருக்க வேண்டும் என்பது விதி. வேலைக்குப் போகிறவர்கள் அன்றாவது வீட்டில் இருப்பார்கள் என்பதற்காக. மூன்று முறையும் பூட்டியிருந்தால்தான் 'ஆளில்லை' என்று எழுதலாம். ஆளில்லா வீட்டுக்கு மாற்று வீடு கிடையாது.

இது விதி. நடைமுறை வேறு. ஒரு முறை போவோம். மற்ற இரண்டு தேதியை ஆபீசில் உட்கார்ந்து, பேனாவை மாற்றி மாற்றி எழுதுவோம். ஒரே மையில் எழுதினால் ஒரே நாளில் எழுதினது தெரிந்துவிடும். இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எல்லாரும் செய்வதைப் பார்த்துப் பழகினதுதான்.

அந்தத் தடவை எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பதினான்கு வீடு பூட்டியிருந்தது. இரண்டு வீட்டு வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதிகாரியிடம் போய், "சார், இன்னும் ரெண்டு நாள் கொடுங்க, திரும்பப் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றேன்.

"மேலேருந்து பிரஷர், ஜெயசீலன். லிஸ்ட் நாளைக்குப் போயாகணும். பூட்டியிருந்ததை எல்லாம் ஆளில்லைன்னு போட்டு க்ளோஸ் பண்ணுங்க" என்றார்.

எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கவில்லை. மேலதிகாரி சொன்னால் கீழ்ப்படிய வேண்டும், அதிகாரம் எல்லாம் தேவனால் உண்டானது என்று நானே சபையில் பேசியிருக்கிறேன். உறுத்தலுக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. அன்று நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். படிவங்களை மேஜையில் அடுக்கி, கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தேன். பிறகு நீல மை, கருப்பு மை, மறுபடி நீலம் என்று பதினான்கையும் நிரப்பினேன்.

பட்டியல் ஒட்டின மூன்றாவது நாள் ஒரு அம்மா வந்தார். பெயர் ஷமீமா. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏற்றுமதிக் கம்பெனிச் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தே பட்டன் தைத்துக் கொடுப்பவர். கணவருக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் இரண்டு நாள் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கவுன்டரில் இருந்த பெண், அவருடைய படிவத்தை எடுத்து வாசித்துக் காட்டி என்னிடம் அனுப்பியிருந்தாள்.

"இன்னா சார், வூட்ல ஆளே இல்லன்னு எய்திக்கிறீங்களாமே" என்றார்.

மூன்று முறை வந்தோம், பூட்டியிருந்தது என்றேன். கூசாமல் சொன்னேன்.

"செவ்வா, வெள்ளி அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுனு பூடுவேன் சார். அன்னிக்கு வந்திருந்தா பூட்டித்தான் இருந்திருக்கும். ஞாயித்துக்கெழம காலில பத்தரைக்கு வந்தேன்னு எய்திக்கிறீங்க. நான் அன்னிக்கு வாசல்லயே குந்திகினு பட்டன் தச்சினு இருந்தேன். நீங்க வர்ல சார்."

அவர் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. பஸ் வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார். நான் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ஞாயிறு, காலை 10.30. என் கையெழுத்து. விடுமுறை நாள் ஒன்று வேண்டுமே என்று, கொஞ்சமும் யோசிக்காமல், பதினான்கிலும் அதையே போட்டிருக்கிறேன். ஞாயிறு பத்தரைக்கு நான் எங்கே இருப்பேன் என்று இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். சபையில் அறிவிப்பு வாசித்துவிட்டு, ஆளுகை செய்கிறவர்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் நான்தான் வாராவாரம் ஜெபிப்பேன். சரியாக அந்த நேரத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

"மனு கொடுத்துட்டுப் போங்கம்மா, பார்க்கலாம்" என்றேன். அதற்கு அப்புறம்தான் சோறு இறங்காமல் போனது.

அந்த அம்மா விடவில்லை. ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸ் என்று அலைந்தார். அந்த அலைச்சலில் கணவருக்கு இரண்டு டயாலிசிஸ் தவறிப்போய், மூச்சுத் திணறி, அவசர வார்டில் சேர்த்தார்கள். இதை அந்தக் கவுன்டர் பெண்தான் என்னிடம் சொன்னாள். அந்த மனிதர் செத்துவிட்டால் அதில் என் பங்கு இருக்கிறது. அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது.

அப்போதும் நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, இது என் தலையில் விடியாமல் பார்த்துக்கொள்ளும்" என்றுதான். உபவாசம் வேறு. எப்படியும் சாப்பிட முடியவில்லை, அதற்கு உபவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை ஆசீர்வாதம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். சபை மூப்பர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அவரிடம் முழுக்கச் சொன்னேன்.

"தம்பி, நீங்க வேலைக்காரன். மேலதிகாரி சொன்னார், செஞ்சீங்க. கீழ்ப்படியறதுதான் வேதம் சொல்றது. அதுல தப்பு இருந்தா கணக்கு அவர்கிட்ட கேட்கப்படும், உங்ககிட்ட இல்ல" என்றார்.

எனக்கு அது தேன் மாதிரி இருந்தது. அப்போது என் மனைவி கிரேஸி காபி கொண்டுவந்து வைத்தாள். "அண்ணா, கையெழுத்து யாரோடது?" என்று கேட்டாள்.

"இவரோடதுதாம்மா."

"அப்போ இவரோட சார்கிட்ட எப்படிக் கேப்பாங்க?"

"காபியில சர்க்கரை கம்மிம்மா" என்றார் அண்ணன். போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வங்கியில இருந்தப்போ இப்படிச் சில கையெழுத்து போட்டிருக்கேன் தம்பி. அதான் அப்படிச் சொன்னேன்" என்றார். அவர் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

கர்த்தர் என்னோடு பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். பேசினது ஷமீமாவும் கிரேஸியும்தான். ஆனால் அன்று உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. அரசாங்கம் என்னிடம் கேட்டது, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. அது படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. அதற்கு உண்மையான பதிலைக் கொடுப்பதுதான் அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிவது. அதிகாரி வாயால் சொன்னது அவருடைய வசதி. நான் கீழ்ப்படிந்தது அதற்குத்தான், அரசாங்கத்துக்கு இல்லை. வசதியாக இரண்டையும் ஒன்றாக்கி அதற்கு வேதத்தை வேறு துணைக்கு அழைத்திருக்கிறேன்.

முழங்காலில் நின்றேன். என்னை விட்டுவிட்டு, ஷமீமாவின் பெயருக்காக ஜெபித்தேன். அந்தப் பெயர் பட்டியலில் வர வேண்டும், அந்த மனிதர் பிழைக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

திங்கட்கிழமை ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பதினான்கு வீட்டுக்கும் நான் ஒரே ஒரு முறைதான் போனேன், மற்றத் தேதிகள் நானாக எழுதியவை, மறு ஆய்வு செய்ய வேண்டும், என் மேல் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்று. அதிகாரியிடம் ஒன்று, அவருக்கு மேலே இருப்பவருக்கு ஒன்று.

அதிகாரி வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன ஜெயசீலன், உங்களுக்குப் பைத்தியமா? என்னையும் சேர்த்து இழுக்கிறீங்க."

"உங்க பேரை எழுதலை சார். நான் செஞ்சதை மட்டும்தான் எழுதியிருக்கேன்."

"இதுக்கு மெமோ வரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

மெமோ வந்தது. விசாரணை நடந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து என் பெயர் போனது. காட்டாங்குளத்தூர் தாண்டி ஒரு ஆபீசில், பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். எதையும் எதிர்த்து நான் மனுப் போடவில்லை. செய்தது தப்பு, தண்டனை நியாயம். அதற்கும் கீழ்ப்படிய வேண்டும்தானே. கூட வேலை பார்த்தவர்கள் சிலர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. அது வலிக்கிறது.

செப்டம்பரில் மறு ஆய்வு செய்தார்கள். இந்த முறை நிஜமாகவே மூன்று முறை போனார்கள். பதினான்கில் ஒன்பது வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஷமீமாவுடையது உட்பட ஒன்பது பெயரும் ஏறியது. ஷமீமாவின் கணவர் அதற்கு முன்பே, ஆகஸ்ட் முடிவதற்குள், சேர்த்த பன்னிரண்டாம் நாள் வார்டை விட்டு வெளியே வந்துவிட்டார். இதைக் கேள்விப்பட்ட அன்று ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குத்தான் பசித்தது. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வீடுகளை இடித்தார்கள். அதை என் கடிதம் நிறுத்தவில்லை, நிறுத்தும் என்று நான் நினைக்கவும் இல்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஷமீமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணவர் உள்ளே இருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் பையை நகர்த்தி உட்கார இடம் கொடுத்தார்.

"புது வூடு நாலாவது மாடி சார். லிப்ட்டு கீது, பாதி நாளு ஓட மாட்டேங்குது" என்றார். பிறகு, "நீங்களே எய்திக் குடுத்தீங்களாமே. கவுன்டர்ல அந்தப் பொண்ணு சொல்லிச்சு. வேல போயிருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

"ஜெபம் பண்ணிட்டுத்தான் எழுதினேன்மா."

"இன்னான்னு துவா கேட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவிடம் ஒரு பொய் போதும் என்று தோன்றியது. "மொதல்ல எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு கேட்டேன். உங்க வீட்டுக்காரர் அவசர வார்டில இருக்கார்னு தெரிஞ்ச அப்புறமும் அதைத்தான் கேட்டேன். அப்புறம்தான் உங்க பேரு லிஸ்ட்ல வரணும்னு கேட்டேன்" என்றேன்.

"மொதல்ல கேட்டது கெடைக்கலயே சார்" என்றார்.

"கிடைக்கலைம்மா."

"அது கெடச்சிருந்தா நாங்க எங்க போயிருப்போம்?"

சகோதரரே, சகோதரிகளே, அரசாங்க வேலையில் இருக்கிற விசுவாசிகள் இதை வாசித்தால், உங்கள் மேஜையிலும் இப்படி ஒரு படிவம் இருக்கலாம். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. கண்டதை எழுதுங்கள், அதற்கு வருவதை வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதைக் கர்த்தர் கையில் விடுங்கள். உங்களுக்காகக் கேட்டது கிடைக்காமல் போனாலும், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்புங்கள்.