பனியன் துணி சுற்றிய ஒயர்

எங்கள் வீடு வீரபாண்டியில். கீழே என் கணவரின் சிறிய பனியன் கம்பெனி, மேலே நாங்கள் குடியிருக்கிறோம். வெட்டி மிஞ்சும் பனியன் வேஸ்ட்தான் எங்கள் வீட்டில் எதற்கும் வைத்தியம். ஒழுகும் குழாய்க்கும் அதுதான், ஆடும் கட்டில் காலுக்கும் அதுதான்.

சென்ற மாதம் சமையலறையைப் புதுப்பித்தோம். சுவரைக் கொத்தும்போது உள்ளே போன ஒயரில் உளி பட்டு, மேல்தோல் கிழிந்துவிட்டது.

"எலக்ட்ரீசியனக் கூப்புடுங்க," என்றேன்.

"இதுக்குப் போயா அம்மணி?" என்ற கணவர், மெயினை அணைத்துவிட்டு, கிழிந்த இடத்தில் பனியன் துணியை இறுக்கிச் சுற்றினார். கொத்தனாரும் அதன்மேல் பூசிவிட்டார்.

மறுநாள் பூச்சுக்குத் தண்ணீர் அடித்துவிட்டு, இறுகியிருக்கிறதா என்று சுவரில் கை வைத்தேன். சுரீரென்று ஷாக் அடித்துக் கையை உதறிவிட்டது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தேன். என் அலறல் கேட்டு அவர் ஓடிவந்து மெயினை அணைத்தார்.

எலக்ட்ரீசியன் வந்து பூச்சை உடைத்தால், துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதை வாங்கிப் பிழிந்து பார்த்த என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "வேர்வைய நல்லா உறிஞ்சும்னு சொல்லித்தானே அம்மணி பனியனே விக்கறேன்! செவுத்துத் தண்ணிய மட்டும் உறிஞ்சாதா?"

பயத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஒயரையே மாற்றி, மின்கசிவு வந்தால் தானாக அணையும் ட்ரிப்பரும் போட்டுவிட்டோம். ஒயரில் சின்னக் கீறல் என்றாலும் இப்போது எலக்ட்ரீசியன்தான். வேஸ்ட் மூட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவர் கேட்டால், எதற்கு என்று விசாரித்த பிறகுதான் சாவி.