மாமாவின் வாட்ச் ஓடிய நாள்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, பழைய சுவிஸ் வாட்ச் பைத்தியம். பைத்தியம் என்பது அம்மா வைத்த பெயர். ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை கிடைத்து எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தவர், வாய்த்த வெள்ளிக்கிழமையெல்லாம் பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுவார். துருப்பிடித்த பூட்டு, கைபோன பொம்மை, உடைந்த ரேடியோ எல்லாவற்றுக்கும் அடியில் கையை விட்டு, எந்த ஜமீன்தாரோ கட்டிக் கழித்த வாட்ச் ஒன்றோடு திரும்புவார். அப்புறம் அதைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால், சாப்பிடக் கூப்பிட்டாலும் கேட்காது. வாங்கியதில் பாதி போலி என்று அவரே ஒப்புக்கொள்வார். மீதிப் பாதிதான் மனிதரை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தது.

இதில் கொடுமை, ஒன்றைக்கூட அவர் வேலைக்குக் கட்டிப்போக முடியாது. லைனில் நிற்பவர் கையில் வாட்சோ மோதிரமோ இருந்தால் புதுக் காரின் பெயிண்டில் கோடு விழுந்துவிடுமாம். கேட்டிலேயே கழற்றச் சொல்லிவிடுவார்கள். மாமா சேர்த்தவையோ கை அசைய அசையத் தானாக ஓடும் ரகம். கட்டாமல் வைத்தால் நின்றுவிடும். நின்றால் உள்ளே எண்ணெய் இறுகிவிடும் என்று மாமாவுக்குப் பயம்.

அதனால் வீட்டில் கை இருந்த அத்தனை பேருக்கும் வாட்ச் மாட்டிவிட்டார். கம்பெனி பஸ் ஓட்டும் அப்பாவுக்கு ஒன்று. துணி துவைக்கும்போது அம்மா கழற்றி ஆணியில் மாட்ட மாட்ட, மாமா எடுத்து மறுபடி கட்டிவிடும் ஒன்று. தம்பிப் பாப்பாவின் தூளிக் கயிற்றில் ஒன்று. எனக்குக் கொடுத்தது முழங்கை வரை ஏறும். ஸ்கிப்பிங் ஆடும்போது கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண் வீட்டார், தூளியில் ஆடிய வாட்சைப் பார்த்துவிட்டுக் காபியோடு எழுந்து போனார்கள். இவனுக்கு இனி யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் புலம்பினாள்.

இருப்பதிலேயே அருமையான தங்க வாட்சை மட்டும் மாமா தெருமுனைத் தையல்கடை அக்காவுக்கு அனுப்பினார். "மிசின்ல குந்திகினு நாள் பூரா வேலை. கை சும்மாவே இருக்காது" என்றார். ஸ்கூலுக்குப் போகும்போது நான் கொடுத்துவிட்டுப் போவேன், வரும்போது வாங்கி வருவேன். பக்கத்திலேயே உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருக்கும் அக்காவின் அப்பாவும் அந்த வாட்சை ஆசையாகத் திருப்பிப் பார்ப்பார்.

ஆச்சரியம் என்னவென்றால், தூளியில் தொங்கியதுகூட ஒழுங்காக ஓடியது. அக்கா கட்டியது மட்டும் அடிக்கடி நின்றுபோய் வரும். ஒருநாள் ஆறு மணியில் நிற்கும், ஒருநாள் ஆறரையில். மாமா வருத்தப்படவே மாட்டார். நின்ற வாட்சைப் பார்த்ததும் முகம் கழுவி, பவுடர் போட்டு, வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். வாட்சுக்காக வேண்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து எனக்கு அவர்மேல் பாவமாக இருக்கும்.

ஒருநாள் மாமா வருவதற்குள் அப்பா அந்த வாட்சைப் பார்த்துவிட்டார். ஷிப்டுக்கு ஆளை ஏற்றி இறக்கும் அப்பாவுக்குத் தப்பான மணியைக் கண்டால் கை அரிக்கும்.

"இன்னாடி இது, நின்னுகினு கீது?" என்று வாங்கியவர், பக்கவாட்டுக் குமிழ் வெளியே இழுத்துவிடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். "அட, இத்த அமுக்கத் தெரியாமதான் உங்க மாமன் முருகனாண்ட போய் நிக்கிறானா?"

கம்பெனி மணிக்குச் சரியாக வைத்து, குமிழை அமுக்கிவிட்டு, டீசல் போடப் போய்விட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாமா வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய் நீட்டினேன்.

"மாமா, ஓடுது! நிக்கவே இல்ல!"

வாட்சைப் பார்த்த மாமாவின் முகம் செத்துவிட்டது. அப்பா சரிசெய்ததை நான் சொல்வதற்குள் மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டார். காபி கொண்டுபோன அம்மா இறங்கி வந்து, "நின்னா சிரிக்கிறான், ஓடுனா அழுவுறான். இவன இன்னா பண்றது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத் தையல்கடை அக்கா வந்தாள். நெற்றியில் கோயில் விபூதி, கண்ணெல்லாம் சிவப்பு.

"அக்கா, உங்க தம்பி எங்க? எத்தினி நேரம் கோயில் வாசல்ல நிக்கிறது? என்னப் பாத்துட்டுப் போன மாப்ள வூட்டுக்கு நாளைக்கு எங்கப்பா சரின்னு சொல்லப் போறாரு. வாட்ச் பாக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்கு இத்தினி வாட்சு?"

மாமா லுங்கியைப் பிடித்தபடி இறங்கி ஓடி வந்தார். "நீதான ஓட வுட்ட? ஓடுனா வராதன்னுதான அர்த்தம்?"

"நானா? ஆறு மணிக்கு வச்சு, இழுத்து நிறுத்திதான் குடுத்தேன்!"

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். "நான்தாம்மா அமுக்குனேன். இப்ப கரெக்டா ஓடுது பாரு" என்றார், பாராட்டை எதிர்பார்த்து. மாமா அப்பாவை அடிக்கவும் முடியாமல் கட்டிப்பிடிக்கவும் முடியாமல் நின்றார்.

அம்மா அக்காவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "தையல் மிசின்ல காலுதான ஆடும், கை எங்க ஆடுது? எனக்கு இத்தினி நாளா தோணலையே!" என்று சிரித்தாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்க் குங்குமச் சிமிழை நீட்டினாள். அப்பாவிடம், "சட்டைய மாத்திகினு வா. அவங்கப்பாவ இப்பவே பாத்துடலாம்" என்றாள்.

ஒரு வாட்சை ரிப்பேர் செய்ததற்கு எதற்குச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதைவிடப் புரியாதது மாமா செய்த வேலை. முருகன் புண்ணியத்திலோ அப்பா புண்ணியத்திலோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்த வாட்சை எடுத்து, ஆறு மணிக்குத் திருப்பி, குமிழை இழுத்து நிறுத்தி, அக்காவின் கையில் தானே கட்டிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.