அரை மணித் தண்ணீர்

திண்டிவனத்தில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்த அப்பா, எங்கள் கொல்லை மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்தேன். கடையிலிருந்தே போன் போட்டால் ஓமந்தூர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் மோட்டார் ஓடும். அதுவரை நினைத்த நேரத்துக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். இனி தினமும் இரண்டு மணி நேரம், சொட்டுத் தண்ணீர் வீணாகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதை மேற்பார்வை செய்யும் வேலையை, யாரும் கேட்காமலே நான் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கொல்லை பெரியப்பாவுடையது. வரப்புத் தகராறில் அவரும் அப்பாவும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் அவருடைய மோட்டார் எரிந்துபோனது. மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், மண்ணுக்குள் விழுது இறங்குகிற சமயம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் காய் பிடிக்காது. பெரியப்பா வாய்திறந்து கேட்கிற ஆள் இல்லை. அப்பா தானாகப் போய்க் கொடுக்கிற ஆளும் இல்லை.

லீவு நாளில் கொல்லைக்குப் போன நான் திடுக்கிட்டேன். வரப்போரத்தில் ஓஸ் கழன்று, எங்கள் தண்ணீர் பெரியப்பா செடிக்குப் போய்க்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி அம்மா களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் தெரியவில்லையா என்று கோபம் வந்தது. ஓஸை மாட்டிக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். மறுநாள் போனால் கம்பி அவிழ்ந்து கிடந்தது. மூன்று நாள் கட்டினேன், மூன்று நாளும் அவிழ்ந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் அப்பா வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா என்னை விட்டுவிட்டு அம்மாவைக் கேட்டார்.

"எவ்ளோ நேரம் போவுது?"

"அரை மணி இருக்குங்க."

அப்பா கொஞ்ச நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "ஓஸு பழசும்மா. கழண்டுக்கினுதான் இருக்கும். நீ கட்டாத, வுடு" என்றார்.

மறுநாளிலிருந்து மோட்டார் இரண்டரை மணி நேரம் ஓடியது. எனக்கு அப்பா மேல் இருந்த மதிப்பே போய்விட்டது. ஒரு கிளிப் வாங்கி மாட்டினால் தீர்கிற விஷயத்துக்கு இவ்வளவு தண்ணீரைக் கொட்டுகிறாரே, இவருக்கு எதற்குச் செல்போன் ஸ்டார்ட்டர் என்று நினைத்தேன்.

அறுவடை முடிந்த வாரம், பெரியம்மா ஒரு கூடை பச்சை மல்லாட்டையை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, நிற்காமல் போனார். அம்மா உடனே அவித்தாள். எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்கவில்லை. நான்தான் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு, நம்முடையதைவிட இது நல்ல பருமன், பெரியப்பா தண்ணீரை வீணாக்காமல் பாய்ச்சியிருப்பார், நீயும் அவரிடம் கேட்டுக்கொள் என்று அப்பாவுக்குப் புத்தி சொன்னேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு கை அள்ளிக்கொண்டார்.